கத்திரி வெயிலில் ஏசி: குறைந்த யூனிட்டில் வீட்டைக் குளிர வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏசி செய்கிற வேலை ஒன்றுதான்: அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. உள்ளே எவ்வளவு வெப்பம் வருகிறதோ அவ்வளவு வேலை, எவ்வளவு வேலையோ அவ்வளவு யூனிட். இது புரிந்துவிட்டால் கோடைக்கால மின்கட்டணத்தை எங்கே குறைக்க முடியும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலோர் ரிமோட்டில் தொடங்குகிறோம். அறை குளிரவில்லை என்றால் 18-க்கு இறக்குகிறோம், அப்போதும் குளிரவில்லை என்றால் அடுத்த முறை பெரிய ஏசி வாங்குகிறோம். வெப்பம் உள்ளே வரும் வழிகளை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். முதலில் வீடு, அடுத்து இயந்திரம், கடைசியில்தான் ரிமோட். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். வேலூர், கரூர், மதுரை போன்ற வறண்ட ஊர்களுக்கு எங்கே வேறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

படி 1: சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நாள் மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஏசி போடாமல் படுக்கையறைக்குள் போய், நான்கு சுவர்களையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டூல் போட்டு ஏறி மேற்கூரையையும் தொடுங்கள். கருவி எதுவும் வேண்டாம். எது அதிகம் சுடுகிறது என்று கையே சொல்லிவிடும்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் விடை பெரும்பாலும் மேற்கூரைதான். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் அப்படி வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் சற்றே வடக்கே நின்றாலும் ஏறக்குறைய செங்குத்தாகவே கூரை மேல் இறங்குகிறது. மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயில் இந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது. அந்த நாட்களில் தெற்குச் சுவருக்கு நேரடி வெயில் மிகக் குறைவு. கூரையும், மாலை வெயிலை நேருக்கு நேர் வாங்கும் மேற்குச் சுவரும்தான் சுமையைத் தாங்குகின்றன.

கீழ்த்தளத்திலோ நடுத் தளத்திலோ இருப்பவர்கள் அடுத்த படியைத் தாண்டி மூன்றாம் படிக்குப் போகலாம்.

படி 2: மொட்டை மாடி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சுகிறது. அந்தச் சூடு தளத்தைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வெயில் தாழ்ந்த பிறகும் மாலை ஏழு, எட்டு மணிக்கு மேலே இருந்து அனல் இறங்குவது அதனால்தான். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. சூடேறிய கூரை அறைக் காற்றைச் சுட வைப்பதோடு நிற்காமல், கட்டிலில் படுத்திருப்பவர் உடம்பின் மீதும் நேரடியாக வெப்பத்தை வீசுகிறது. ஏசி காற்றைத்தான் குளிர்விக்கிறது. காற்று 24 டிகிரிக்கு வந்த பிறகும் மேலிருந்து அனல் அடிப்பதால் புழுங்குவது போலவே இருக்கும், உடனே கை ரிமோட்டுக்குப் போகும். மாடிவீட்டுக்காரர்கள் 20, 18 என்று இறக்கிக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணம் இது. கூரையைச் சரிசெய்த வீட்டில் 26 டிகிரியே இதமாக இருக்கும்.

எளிய, மலிவான வழி வெள்ளை பூசுவது. கறுத்துப் போன சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூரைக்கென்றே விற்கும் வெப்பம் தடுக்கும் வெள்ளை பெயிண்ட் பல ஆண்டுகள் நிற்கும். செலவு முடியாதவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். அதையும் முறையாகச் செய்தால்தான் ஒரு கோடையாவது தாங்கும்:

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்குங்கள். தளத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாசியையும் தூசியையும் எடுத்துவிட்டுக் கழுவிக் காயவிடுங்கள். வெடிப்பு இருந்தால் முதலில் அடையுங்கள், அதைப் பூச்சு மறைத்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ முதல் நாளே தண்ணீரில் நீர்த்துப்போகவிட்டு, வடிகட்டி, பிடிப்புக்காக ஃபெவிகால் கலந்து கொள்ளுங்கள். சுண்ணாம்பு நீர்க்கும்போது கொதிக்கும், தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஒரு கை நீளவாட்டில், காய்ந்ததும் இரண்டாம் கை குறுக்குவாட்டில். வெயில் தாழ்ந்த நேரத்தில் அடித்தால் வெடிக்காமல் ஒட்டும். வடகிழக்குப் பருவமழையில் கரையும், அடுத்த ஆண்டு மீண்டும் அடிக்க வேண்டும். இடையில் தூசி படிந்து மங்கினால் ஒரு முறை கழுவிவிட்டாலே போதும்.

வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், தளத்தின் மேல் வெப்பக் காப்புப் பலகை பரப்பி அதன் மேல் வெள்ளை ஓடு பதிப்பது இன்னும் நல்லது. உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவதும் உதவும், ஆனால் சூட்டை வெளியிலேயே தடுப்பதுதான் முதல் தேர்வு. மாடியில் நிழல்வலை கட்டி அதன் கீழே செடி வைப்பவர்கள், வலைக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓட நல்ல இடைவெளி விடுங்கள். கீற்றுக் கொட்டகை அருமையான நிழல் தரும். தீ அபாயத்தை நினைத்தால், ஏசி அவுட்டோர் யூனிட்டும் மின்கம்பிகளும் போகும் மாடியில் அதை நான் சொல்ல மாட்டேன்.

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூடு ஓரளவு குறையும், உண்மைதான். ஆனால் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடங்கள் உறுத்தும். வெடிப்பிருக்கும் தளத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் கம்பி துருப்பிடிக்கவும் செய்யும். ஒரு முறை வெள்ளை பூசிவிட்டால் குறைந்தது அந்தக் கோடை முழுவதும் அதே வேலை நடக்கும்.

படி 3: மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல்

சன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டால் வெளிச்சம் மறையும், சூடு மறையாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. திரை சூடேறி அந்த வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. அதே துணியை, அல்லது ஒரு மூங்கில் தட்டியை, சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் வெப்பம் வீட்டைத் தொடாமலேயே போய்விடும். பால்கனி இருந்தால் மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ போதும். மதியம் இரண்டு மணிக்கு இறக்கி, சூரியன் மறைந்ததும் சுருட்டிவிடுங்கள். வெளியே எதுவும் கட்ட முடியாத அடுக்குமாடி வீடுகளில் கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம். உள்ளே திரைதான் முடியும் என்றால் வெளிர் நிறத் துணியாக, கண்ணாடிக்கு நெருக்கமாகத் தொங்கவிடுங்கள்.

வேலூர், திருச்சி பக்கம் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது நன்றாக வேலை செய்யும். சென்னையில் ஏசி ஓடும் அறைக்கு அது வேண்டாம். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: ஈரக் காற்றை வெளியே நிறுத்துங்கள்

கடலோர ஊர்களில் ஏசிக்கு இரண்டு வேலை. ஒன்று காற்றைக் குளிர்விப்பது, இன்னொன்று காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பது. ட்ரெயின் பைப்பில் சொட்டும் தண்ணீர் அந்த இரண்டாவது வேலையின் பலன். அது இலவசமாக வருவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் சேர வேண்டுமானால் ஏசி சுமார் 0.68 யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து கூடுதலாக அகற்ற வேண்டும். அதற்காக மீட்டரில் ஓடுவது ஏறக்குறைய 0.2 யூனிட். இரவு முழுக்க வெளிக்காற்று புகுந்துகொண்டே இருந்தால் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

இதை வைத்தே வீட்டைச் சோதிக்கலாம். ட்ரெயின் பைப்புக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். ஏசி போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்ந்தது, மூன்றாவது மணி நேரத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். முதலில் அறையிலேயே இருந்த ஈரம் வெளியேறும், பிறகு குறைய வேண்டும். படுத்திருப்பவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் வருவது மட்டுமே மிஞ்சும். மூன்றாவது மணியிலும் முதல் மணி அளவுக்கே வாளி நிறைகிறது என்றால் வெளிக்காற்று எங்கிருந்தோ தாராளமாக வருகிறது.

எங்கிருந்து? நம் ஊர்ப் பழைய வீடுகளில் சன்னலுக்கு மேலே மூட முடியாத வென்டிலேட்டர் இருக்கும். அதற்கு ஒரு கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ பொருத்துங்கள். கதவுக்கு அடியில் விரலளவு சந்து இருக்கும். ரப்பர் பட்டை கடையில் கிடைக்கிறது, பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலும் போதும். நகரும் சன்னல்களின் ஓரங்களுக்கு மென்மையான பஞ்சுப் பட்டை ஒட்டலாம். ஏசி பைப் போகும் சுவர்த் துளையை நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். புட்டி வைத்து அடையுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி இந்த இடங்களில் காட்டினால், புகை எங்கே உள்நோக்கி வளைகிறதோ அங்கே ஓட்டை.

அடுத்து அறையோடு சேர்ந்த குளியலறை. குளித்து முடித்த ஈரத்தோடு அதன் கதவு திறந்தே கிடந்தால் ஏசி அந்த ஈரத்தையும் சேர்த்துப் பிழிய வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கதவு திறந்திருந்தாலோ நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று வெளியே போகும். கதவைச் சாத்தியே வையுங்கள். ஏசி அறையில் துணி காயப்போடாதீர்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்படி அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தவே கூடாது, அந்தப் புகை முழுவதும் நுரையீரலுக்குத்தான் போகும். கொசுவலை கட்டுங்கள். படுப்பதற்கு முன் பத்து நிமிடம், விடிந்ததும் கொஞ்ச நேரம் சன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

படி 5: எத்தனை டன், எத்தனை ஸ்டார்

ஏற்கெனவே ஏசி இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஒரு டன் என்பது ஏசியின் எடை கிடையாது. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு அது. மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அல்லது சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்றால் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன்.

நடுத்தளத்தில் 100 முதல் 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் தாராளம். 150 முதல் 180 சதுர அடிக்கு ஒன்றரை டன். மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் ஒரு படி ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள் கடைக்காரர்கள். முதல் நான்கு படிகளை முடித்தவர்களுக்கு அந்த ஏற்றம் பெரும்பாலும் தேவைப்படாது. பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏசியில் இந்தத் தொல்லை குறைவு. அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

வாங்குவது இன்வெர்ட்டர் ஏசியாகவே இருக்கட்டும். ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார் வழங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ. அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறது, ஆகவே பழைய ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். இழுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் காட்டும் எண் அது, அதிகமாக இருந்தால் நல்லது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஒன்றரை டன்னில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் இதில் சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும். நீங்கள் நான்கு மாதம், இரவில் எட்டு மணி நேரம் மட்டும் போடுபவர் என்றால் மொத்தம் 960 மணி நேரம்தான், மிச்சமாவது சுமார் 120 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கடையில் சொல்லும் விலை வித்தியாசத்தை இதோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பகலிலும் ஏசி போடும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் நிச்சயம் லாபம். இரவில் மட்டும் போடும் வீட்டுக்கு, மூன்று ஸ்டார் வாங்கி மிச்சப் பணத்தில் கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பது நல்ல கணக்கு என்பது என் கருத்து.

கடலுக்கு அருகில், பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். தாமிரக் காயில், அதன் மேல் அரிப்பைத் தடுக்கும் பூச்சு, இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வறண்ட ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர், கரூர், மதுரையில் ஏப்ரல், மே பகல்களில் காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நன்றாகவே குளிரும், மின்சாரமும் மிகக் குறைவு. பகலில் கூலர், இரவில் தேவைப்பட்டால் ஏசி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் மட்டும் போடாதீர்கள். கூலர் விடும் ஈரத்தை ஏசி பிழிந்துகொண்டிருக்கும்.

படி 6: மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள்

நல்ல ஏசி ஒன்றை ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிட முடியும், அது மாட்டும் நாளில்தான் நடக்கிறது.

அவுட்டோர் யூனிட்தான் வெப்பத்தைக் கொட்டும் இடம். அதைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். அடைத்த பால்கனிக்குள்ளோ, நான்கு வீட்டு அவுட்டோர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஊதும் குறுகிய சந்திலோ வைத்தால், அது கொட்டிய சூட்டையே திரும்ப இழுக்கும். நிழல் நல்லது, ஆனால் நிழலுக்காகப் பெட்டி செய்து மூடுவது வெயிலில் விடுவதைவிட மோசம். முன்பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பின்புறமும் பக்கங்களிலும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சர்வீஸுக்கு ஆள் பாதுகாப்பாக நிற்க முடிகிற இடமாகவும் இருக்கட்டும். ஐந்தாவது மாடிச் சுவரில் தொங்கவிட்டால், அதைக் கழுவ வருபவர் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

தாமிர பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இரண்டு பைப்புகளுக்கும் கறுப்பு நுரைக் குழாய் முழு நீளத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், வெயில் படும் இடத்தில் டேப் சுற்ற வேண்டும்.

அப்புறம், முக்கியமான கேள்வி: "வேக்யூம் பம்ப் கொண்டுவந்திருக்கீங்களா தம்பி?" பைப் மாட்டிய பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுமையாக உறிஞ்ச வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, நிறுத்தி, கேஜில் முள் அப்படியே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். அவசரத்தில் சிலர் அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். அதில் கேஸ் வீணாகும், ஈரம் உள்ளேயே தங்கும். ஏசி முதல் நாளிலிருந்தே திறன் குறைந்து ஓடும், கம்ப்ரஸர் ஆயுளும் குறையும். இப்போது பெரும்பாலான வீட்டு ஏசிகளில் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். அது எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேனேதான், நன்றாகவே எரியும். ஆகவே இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

மின் இணைப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, நல்ல எர்த். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போட்டால் கவலையில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசி மாட்டவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டுக்கு இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

படி 7: தினமும் ஓட்டும் முறை

மாலையில் பூட்டியிருந்த அறைக்குள் நுழைந்ததும் ஏசியை அழுத்தாதீர்கள். அந்நேரம் அறைக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். சன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். சென்னையில் கடல்காற்று உள்ளே வந்துவிட்ட நாளாக இருந்தால் பாதி வேலை அதிலேயே முடியும். கடல்காற்று தாமதமாகும் நாட்களில்தான் நகரம் தகிக்கிறது. கோவை, ஓசூர் பக்கம் பல இரவுகளில் அதன் பிறகு ஏசியே தேவைப்படாது.

பிறகு சன்னலை மூடி 26-இல் வையுங்கள். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. பழைய வகை ஏசியில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். இன்வெர்ட்டரில் அறை நன்றாகச் சூடாக இருக்கும்வரை 26 வைத்தாலும் அது முழு வேகத்தில்தான் ஓடும். 18 வைப்பதால் நடப்பது ஒன்றே, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் தொடங்கும்போது 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 20-இலிருந்து 26-க்குப் போகும் வீட்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

26 புழுக்கமாக இருக்காதா? ஃபேன் இல்லாமல் இருக்கலாம். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடம்புக்கு இரண்டு, மூன்று டிகிரி குறைந்தது போல இருக்கும். சாதாரண ஃபேன் எட்டு மணி நேரத்தில் சுமார் 0.6 யூனிட், மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் கால் யூனிட்தான் இழுக்கும். ஏசியோடு ஃபேன் போட்டால் குளிர் வெளியே போய்விடும் என்று நிறுத்துபவர்கள் உண்டு. மூடிய அறையில் அது எங்கும் போகாது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவதால் மட்டும் பயன் இல்லை.

மழைக்கு முந்தைய புழுக்க நாட்களில், வெப்பம் அவ்வளவு இல்லை ஆனால் உடம்பு பிசுபிசுக்கிறது என்றால் ட்ரை மோடு போட்டுப் பாருங்கள். இரவுக்கு ஸ்லீப் மோடு நல்லது, தூங்கியபின் மெல்ல மெல்ல டிகிரியை ஏற்றும். விடியற்காலை போர்வையை இழுத்துப் போர்த்துகிறீர்கள் என்றால் ஏசி தேவைக்கு மேல் ஓடுகிறது.

கத்திரி நாட்களில் வீட்டில் எல்லோரும் ஓர் அறையில் படுப்பது பெரிய மிச்சம். இரண்டு ஏசிக்கு ஒன்று. சமையலைக் காலையிலேயே முடித்து, சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் போட்டுவிட்டால் ஹால் வரை சூடு வராது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் யூனிட்டுக்காகக் கஞ்சத்தனம் வேண்டாம். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. பெரியவர்களுக்குத் தாகமும் சூடும் தெரிவது குறைவு. "எனக்கு வேண்டாம்பா, ஃபேனே போதும்" என்பார்கள். அவர்கள் சொன்னாலும் உச்சி வேளையில் நீங்களே போட்டுவிடுங்கள். இந்தச் சிக்கனமெல்லாம் அந்த நேரத்தில் தாராளமாகப் போடுவதற்காகத்தான்.

படி 8: பராமரிப்பும், கேஸ் கம்மி என்ற பேச்சும்

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்களே கழற்றிக் கழுவுங்கள். தெருவில் கட்டட வேலை நடந்தால் வாரம் ஒரு முறை. கழுவி நிழலில் காயவிட்டு மாட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆண்டுக்கு ஒரு முறை, கடலோரத்தில் இரண்டு முறை, மெக்கானிக்கை அழைத்து இண்டோர், அவுட்டோர் இரண்டையும் வாட்டர் சர்வீஸ் செய்யுங்கள். பிப்ரவரியில் கூப்பிடுங்கள். மே மாதம் கூப்பிட்டால் வருவதற்குள் பாதிக் கோடை போய்விடும், அவசர வேலைதான் நடக்கும்.

"கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாமா?" என்ற வார்த்தை கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கேட்கும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய பைப்புக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் கசிந்திருக்கிறது என்று பொருள். எனவே கேட்க வேண்டியது "எங்கே லீக்?" என்பதைத்தான். சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் நைட்ரஜன் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். லீக்கை அடைத்து, வேக்யூம் செய்து, லேபிளில் போட்டிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். லீக்கை விட்டுவிட்டு ஏற்றிய கேஸ் அடுத்த கோடைக்கு இருக்காது. அது காற்றில் கலந்து பூமியையும் சூடாக்கும். ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம்.

காயிலில் ஐஸ் பிடித்தால் கேஸ் குறைவுதான் என்று முடிவு செய்யாதீர்கள். அடைத்த ஃபில்டரும் அதே ஐஸைத்தான் பிடிக்க வைக்கும். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்.

ட்ரெயின் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதீர்கள், காயிலின் தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும்.

படி 9: மீட்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு என்பதால், தவறு நடந்திருந்தால் தெரிவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். யூனிட் ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே கணக்கெடுத்த நாளிலிருந்து வாரம் ஒரு முறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஐந்தாவது வாரத்தில் 350-ஐத் தொட்டுவிட்டால் இதே வேகத்தில் 500-ஐத் தாண்டுவீர்கள் என்று முன்கூட்டியே தெரியும்.

ஏசி தனியாக எவ்வளவு இழுக்கிறது என்று அறிய, ஒரு நாள் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைக் குறியுங்கள். ஏசி போடாத ஓர் இரவிலும் அதே நேரங்களில் குறியுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் ஏசியின் கணக்கு. ஒன்றரை டன் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர், 26 டிகிரி, எட்டு மணி நேரம் என்றால் சுமார் 4 யூனிட் வருவது இயல்பு. கடுமையான புழுக்க இரவில் 5 ஆகலாம். 7, 8 என்று வந்தால் முதலில் ஃபில்டர், அடுத்து அவுட்டோர் காயில், அடுத்து வாளியை வைத்து ஈரக்காற்றுச் சோதனை என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால், கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். கூரையும் சுடவில்லை என்றால்தான் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.